என் ரத்தத்தில் அழற்சியைக் குறைத்தது எது?

சர்க்கரை நோய்க்காகக் கீட்டோ உணவுக்கு மாறிய நான்காவது மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாமே எனக்கு மகிழ்ச்சி தந்தன. 86 கிலோவாக இருந்த எடை 77 ஆகியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2இலிருந்து 6.4க்கு இறங்கியிருந்தது, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 236இலிருந்து 128க்கு வந்திருந்தது. ஆனால் உடம்பில் உள்ள அழற்சியின் (காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடம்பு காட்டும் தற்காப்பு எதிர்வினை, ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன்) அளவைச் சொல்லும் சிஆர்பி, தொடங்கும்போது 4.6 ஆக இருந்தது, இப்போது 11.4 என்று அச்சாகியிருந்தது. நான்கு மாதமாகச் சோற்றையும் இட்லியையும் ஒதுக்கிவிட்டு வெண்ணெயும் முட்டையும் பன்னீருமாகச் சாப்பிட்டதன் பலன் இதுதானா என்று அன்று இரவு முழுவதும் புரண்டுகொண்டிருந்தேன்.

மறுநாள் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. காய்ச்சல், சளி, பல்வலி ஏதாவது உண்டா என்றுதான் கேட்டார். ஒரு வாரமாகக் கீழ்த்தாடை ஈறு வீங்கி, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பல் மருத்துவரிடம் போய்ச் சீழை எடுத்து, மருந்தை முடித்து, நான்கு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தபோது சிஆர்பி 1.9. உணவில் இடையே எந்த மாற்றமும் செய்யவில்லை.

கீட்டோவையும் அழற்சியையும் பற்றி எழுதப்படும் பலவற்றில் இந்த எண்ணைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாதிடுவதால்தான் என் பல்வலியிலிருந்து தொடங்குகிறேன். சிஆர்பி என்பது கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டார்கள். உடம்பில் எந்த மூலையில் தீ பற்றினாலும், அங்கிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற தூது கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் சிஆர்பியை அள்ளி இறைக்கிறது. எங்கே தீ என்று அது சொல்லாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயநோய் ஆபத்து குறைவு, 3க்கு மேல் இருந்தால் அதிகம் என்பது பொதுவான கணக்கு. 10ஐத் தாண்டினால் வேறு நோய்த்தொற்று இருக்கலாம் என்பதால் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதும் அதே கணக்கின் பகுதிதான். என் 11.4 அந்த வகை.

சர்க்கரை நோய்க்கும் அழற்சிக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கும் நெடுநாள் விளங்காமல்தான் இருந்தது. சர்க்கரை என்றால் கணையம், இன்சுலின், இனிப்பு என்பதோடு நம் புரிதல் நின்றுவிடுகிறது. ஆனால் இந்தக் கதை பழையது. 1876இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்ற ஜெர்மானிய மருத்துவர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சாலிசிலேட் மருந்தை, அதாவது இன்றைய ஆஸ்பிரினின் மூதாதையைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்களின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார். ஏன் குறைந்தது என்பதற்கு விடை கிடைக்கத் தொடங்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலானது. 1993இல் அமெரிக்காவில் கோகான் ஹோட்டாமிஸ்லிகிலும் அவருடைய குழுவினரும், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது என்றும், அதை முடக்கினால் இன்சுலின் மீண்டும் நன்றாக வேலை செய்கிறது என்றும் காட்டினார்கள். தொந்தி என்பது கொழுப்பைச் சேர்த்துவைக்கும் வெறும் மூட்டை அன்று, ஓயாமல் அழற்சிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கும் உறுப்பு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்பும்போது மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கே குவிகின்றன என்பது 2003இல் தெரியவந்தது.

இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற இன்னோர் அழற்சிப் புரதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே இது வாட்டுகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 70 பேரில் ஒரு பாதியினருக்கு, இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனகின்ரா என்ற மூட்டுவாத மருந்தைக் கொடுத்தார்கள். உணவில் கை வைக்காமலேயே, 13 வாரத்தில் அவர்களின் ஹெச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.46 குறைவாக இருந்தது. அழற்சியை அடக்கினால் சர்க்கரையும் அடங்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 2017இல் வெளியான கான்டோஸ் என்ற பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்து மீண்ட 10,061 பேரிடம் அதே இன்டர்லூக்கின்-1பீட்டாவை முடக்கும் இன்னொரு மருந்தைச் சோதித்தார்கள். நடுத்தர அளவு மருந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவதை மட்டும் தடுக்கவில்லை. அழற்சி சர்க்கரை நோயில் ஒரு முக்கியக் கண்ணி. ஆனால் முழுச் சங்கிலியும் அதுவே அன்று என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இனிக் கீட்டோவுக்கு வருவோம். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக இந்த உணவையும் பெயரையும் முன்வைத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பட்டினி போடாமலேயே பட்டினியின் ரசாயனத்தை உடம்பில் எப்படி உண்டாக்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. மாவுச்சத்தை ஏறத்தாழ இல்லாமல் செய்துவிட்டால், கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உருவாக்கும். மூளை அதை எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். சர்க்கரை நோய்க்காக இன்று பின்பற்றுபவர்கள் நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்கப் பார்க்கிறார்கள். ஒரு கப் சோற்றிலேயே 45 கிராம் அளவுக்கு இருக்கிறது என்றால், நம் ஊர்ச் சாப்பாட்டு இலையில் இது எத்தனை கடினம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பேலியோ என்ற பெயரில்தான் பரவியது. காலையில் நூறு பாதாம், வெண்ணெய் கலந்த டீ, மதியம் காலிஃப்ளவரைத் துருவி ஆவியில் வேகவைத்த ‘சோறு’, இரவில் பன்னீர் அல்லது கறி என்று நானும் சாப்பிட்டிருக்கிறேன். (பேலியோ என்று மேலைநாட்டில் சொல்லப்படுவதில் பாலும் பன்னீரும் கிடையாது, நாம் கற்கால மனிதனுக்கு நெய் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.) என் அம்மாவுக்கு மட்டும் இதில் கடைசிவரை சம்மதமில்லை. “சோத்தைக் கண்ணுல காட்டாம ஒருத்தன் எத்தனை நாளைக்குடா தெம்பா இருப்பான்?” என்று தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீட்டோவுக்கும் அழற்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டது 2015இல் யேல் பல்கலைக்கழகத்தில் விஷ்வ தீப் தீட்சித் தலைமையில் நடந்த ஆய்வு. வெள்ளணுக்களுக்குள் என்எல்ஆர்பி3 என்ற ஓர் அபாயமணி இருக்கிறது. யூரிக் அமிலப் படிகம், கொழுப்பு அமிலம் போன்றவை அதை அடித்தால், இன்டர்லூக்கின்-1பீட்டா வெளியே கொட்டும். உடம்பு உண்டாக்கும் கீட்டோன்களில் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற ஒன்று மட்டும் இந்த மணியை அடிக்கவிடாமல் தடுக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அதன் உடன்பிறப்பான அசிட்டோஅசிட்டேட்டுக்கு அந்தத் திறன் இல்லை. அனகின்ரா வாசலில் நின்று செய்யும் வேலையை ஒரு கீட்டோன் உள்ளேயே புகுந்து செய்கிறது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது உண்மை. விரலில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டரை உடனே வாங்கிவிட்டேன். என் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.8 முதல் 1.4 மில்லிமோல் வரை இருந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்த ஆய்வு நடந்தது எலிகளிலும், மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளணுக்களிலும்தான். அதோடு, அதே என்எல்ஆர்பி3 மணியை அடிக்கக்கூடியவற்றில் பால்மிட்டிக் அமிலமும் ஒன்று. வெண்ணெயிலும் நெய்யிலும் நிறைந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அது. ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டே மறு கையால் அதன் நாவைப் பிடித்துக்கொள்வது போன்ற நிலைமை ஒரு வெண்ணெய்க் கீட்டோக்காரரின் உடம்பில் ஏற்படலாம். இரண்டில் எது வெல்லும் என்பதைச் சோதனைக்கூடத் தட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவற்றில் கீட்டோ ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சாரா ஹால்பெர்க் நடத்திய ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 262 பேர், மருத்துவரின் தொடர் கண்காணிப்போடு கீட்டோ உணவை மேற்கொண்டார்கள். 2018இல் வெளியான முதலாண்டு முடிவில் ஹெச்பிஏ1சி 7.6இலிருந்து 6.3க்கு வந்திருந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் 94 சதவீதத்தினர் அதைக் குறைத்தார்கள் அல்லது நிறுத்தினார்கள், சிஆர்பி 39 சதவீதம் குறைந்தது. மிகப் பெரிய வீழ்ச்சி இது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் தங்கள் எடையிலும் சராசரியாக 12 சதவீதத்தை இழந்திருந்தார்கள். தொந்தியே அழற்சியின் ஊற்று என்றால், அது சுருங்கியதாலேயே சிஆர்பி இறங்கியிருக்கலாமே! தவிர, யார் கீட்டோவில் சேர்வது என்று குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை, விரும்பியவர்களே சேர்ந்தார்கள். ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 10 சதவீதம் ஏறியதும் அந்த அறிக்கையிலேயே உள்ளது, பலர் அதை மேற்கோள் காட்டுவதில்லை.

எடை குறையாமல் கீட்டோ மட்டும் இருந்தால் என்ன ஆகும்? இதற்குப் பதில் தரும் ஆய்வைத் தேடியபோதுதான் என் நம்பிக்கை முதலில் ஆட்டம் கண்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள, ஆனால் சர்க்கரை இல்லாத 17 ஆண்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, நான்கு வாரம் வழக்கமான உணவும், அடுத்த நான்கு வாரம் அதே கலோரி அளவில் கீட்டோ உணவும் கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு குறைந்தது. ஆனால் எல்டிஎல் கொழுப்பும் சிஆர்பியும் கூடின. 17 பேர், நான்கே வாரம் என்பதால் இதைப் பெரிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் கீட்டோன் ரத்தத்தில் ஓடினாலே அழற்சி தணியும் என்ற எளிய சூத்திரத்துக்கு இது இடம் கொடுக்கவில்லை.

மறுபக்கம், கீட்டோ இல்லாமலேயே எடை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வு இருக்கிறது. நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரை மட்டும் தரும் கரைசல் உணவை மூன்று முதல் ஐந்து மாதம் வரை கொடுத்தார்கள். அதன் கலோரியில் 59 சதவீதம் மாவுச்சத்து. ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே சர்க்கரை நோயின் எல்லைக்கு வெளியே வந்துவிட்டார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு அது நடந்தது. அத்தனை குறைந்த கலோரியில் லேசாகக் கீட்டோன் உண்டாகியிருக்கவும் கூடும் என்று ஒருவர் வாதாடலாம்தான். ஆனால் வெண்ணெயும் முட்டையும் இல்லாமல், ஸ்ட்ராபெரி வாசனைக் கரைசலைக் குடித்தும் கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பைக் கரைக்க முடிந்தது என்பதை அந்த வாதம் மாற்றிவிடாது.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. புனேயைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் தன்னுடைய படத்தையும் தன் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினின் படத்தையும் அருகருகே வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சுமப்பது நம் உடம்பின் இயல்பு. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரின் சிஆர்பி ஐரோப்பியரைவிட 17 சதவீதம் கூடுதலாக இருந்ததையும், அதற்கு வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் பெரும் காரணம் என்பதையும் 2001இலேயே ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு 86 கிலோ என்பது ஒரு வெள்ளைக்காரருக்கு 100 கிலோ இருப்பதற்குச் சமம் என்று மருத்துவர் ஒருமுறை சொன்னார். துல்லியமான கணக்கில்லை, ஆனால் எனக்கு உறைத்தது.

என் கதையில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். எல்டிஎல் 118இலிருந்து 161க்கு ஏறியிருந்ததால், ஏழாவது மாதத்தில் கடும் கீட்டோவை விட்டேன். மதியம் ஒரு கரண்டிச் சோறும், மாலையில் சுண்டலும் திரும்பி வந்தன. வெண்ணெய் டீ போனது. வாரத்தில் மூன்று நாள் நெத்திலியோ அயிலையோ, மற்ற நாளில் கீரையும் பருப்பும் தயிரும். கீட்டோன் மீட்டர் 0.2க்குக் கீழே இறங்கிவிட்டது. எடை மட்டும் 76இலேயே நின்றது. ஓராண்டு கழித்து ஹெச்பிஏ1சி 6.5, சிஆர்பி 1.4. கீட்டோன் போனபிறகும் அழற்சி திரும்பி வரவில்லை என்று கொடி பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இடையில் மருத்துவர் எல்டிஎல்லைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கியிருந்தார். 17,802 பேர் பங்கேற்ற ஜூபிட்டர் ஆய்வில் அந்த மாத்திரை மட்டுமே சிஆர்பியை 37 சதவீதம் குறைத்தது. ஒரே ஒருவருடைய ரத்தத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதற்கு என் கோப்பே போதும்.

ஆனால் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது என் கணிப்பு இது: கீட்டோ தொடங்கியவர்களிடம் காணப்படும் அழற்சிக் குறைவில் பெரும்பங்கு, சுருங்கிய வயிற்றுக்கும், வடிந்த கல்லீரல் கொழுப்புக்கும், தாழ்ந்த சர்க்கரைக்கும் உரியது. கீட்டோன் ஒரு சிறு பங்கு கேட்கலாம். அதைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பசியை அடக்கி, அந்த எடைக் குறைப்பைச் சாத்தியமாக்கியது கீட்டோதான் என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன் நான்கு முறை ‘குறைவாகச் சாப்பிடு’ என்ற அறிவுரையில் தோற்றவன் நான். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நபர்கள் 12 வாரம் கீட்டோவிலும், 12 வாரம் பருப்பும் பழமும் முழுதானியமும் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவிலும் இருந்தார்கள். ஹெச்பிஏ1சி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்தது. கீட்டோவில் டிரைகிளிசரைடு கூடுதலாக இறங்கியது, எல்டிஎல் ஏறியது. மத்தியதரைக்கடல் உணவில் எல்டிஎல் இறங்கியது. பருப்பையும் பழத்தையும் முழுதானியத்தையும் விலக்கித்தான் தீர வேண்டும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

மருந்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நான் கீட்டோ தொடங்கப் போகிறேன் என்றதும் மருத்துவர் முதலில் செய்தது, நான் போட்டுக்கொண்டிருந்த தபாக்ளிஃப்ளோசினை நிறுத்தியது. எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் ஆகியவையும் இதே வகை; சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் இவை தாமாகவே கீட்டோனைக் கூட்டுபவை. மாவுச்சத்தையும் நிறுத்தினால், ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 மே மாதத்திலேயே இந்த மருந்துகளைக் குறித்து எச்சரித்தது. இதில் உள்ள வஞ்சகம் என்னவென்றால், வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 400, 500 என்று எகிறிக் காட்டிக்கொடுக்கும். இந்த மருந்தோடு வருவதில் 180 என்றுகூடக் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று போனால், சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. 2020இல் காப்புரிமை முடிந்த பிறகு தபாக்ளிஃப்ளோசின் இங்கே மிக மலிவாகி, பலரின் மருந்துச் சீட்டில் இடம்பெற்றுவிட்டது. முகநூல் பதிவைப் பார்த்துக் கீட்டோ தொடங்கும் ஒருவர் தன் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்திருக்க மாட்டார். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில்: மாவுச்சத்தைக் குறைத்த அன்றே அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடலாம். முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும், கருவுற்ற பெண்களும் இந்தப் பரிசோதனையைத் தாமாகச் செய்யவே கூடாது.

சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் மோகன் குழுவினர் பங்கேற்ற, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியரின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அதிலிருந்து மீள, அதை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தலாம் என்று அவர்கள் 2022இல் கணித்தார்கள். கீட்டோவின் 10 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சாதுவான கோரிக்கை! என் இலை இப்போது 40 சதவீதம் அளவில் நிற்கிறது. கீட்டோன் பட்டைகள் இன்னும் பதினொன்று மேசை இழுப்பறையில் கிடக்கின்றன, காலாவதி ஆகப் போகின்றன. போன வாரம் ஆறு மாதத்துக்கொருமுறை பல்லைச் சுத்தம் செய்துகொள்ளும் முறை வந்தது; ரத்தப் பரிசோதனையை அதற்கு மூன்று வாரம் தள்ளித்தான் குறித்திருக்கிறேன்.